டம்பாச்சாரியும் மைனரும்

நுழையும்முன்

ஒரு மொழியில் உள்ள சொற்கள் அம்மொழி பேசும் மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஆவணங்கள். ஒரு சமூகம் எதைப் போற்றியது, எதைக் கண்டு சிரித்தது என்பதைச் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். தேவைக்கு மிஞ்சி உடுத்தி, தன்னைத் தானே வியந்து திரியும் ஆடவனைத் தமிழர் எந்தெந்தச் சொற்களால் குறித்தனர்? அச்சொற்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை யார், யாரை நோக்கிச் சொன்னார்கள்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

பகட்டைக் குறிக்கும் சொற்கள்

நன்றாக உடுத்துவதைத் தமிழர் என்றும் குறையாகக் கருதியதில்லை. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் பழமொழி. வறுமையிலும் தூய்மை வேண்டும் என்பதைக் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழி உணர்த்துகிறது. எடுப்பான தோற்றத்தை 'மிடுக்கு' என்று பாராட்டும் வழக்கமும் உண்டு. ஆனால், ஆளைவிட ஆடை பெரிதாகும்போது மக்களின் பார்வை மாறுகிறது. பாராட்டு, கேலியாகிறது. அந்தக் கேலிக்கென்றே மொழியில் ஒரு சொற்கூட்டம் உருவாகியுள்ளது.

பகட்டு, மினுக்கு, தளுக்கு முதலிய சொற்கள் கண்ணைப் பறிக்கும் ஒளியையும் அதற்குப் பின்னால் உள்ள வெறுமையையும் ஒருங்கே சுட்டுவன. 'ஆடம்பரம்' வடமொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் அது முதலில் ஒருவகைப் பறையையும் அதன் பேரொலியையும் குறித்தது. பின்னர் வெற்று ஆரவாரத்தைக் குறிக்கலாயிற்று. தன் செல்வத்தைப் பறையறைந்து தெரிவிப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமைவது அரிது. விருப்பம், சுவை ஆகிய பொருள்களைத் தரும் அரபுச் சொல், பாரசீகம், உருது ஆகிய மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்து 'ஷோக்கு' என்றும் 'சோக்கு' என்றும் வழங்கியது. அதனோடு தமிழ்ச் சொல்லைச் சேர்த்துச் 'சோக்குப் பேர்வழி' என்று மக்கள் தொடராக்கினர்.

இச்சொற்கூட்டத்தில் தனித்து நிற்பவை இரண்டு. ஒன்று, டம்பாச்சாரி, மற்றொன்று, மைனர். முன்னது வடமொழியிலிருந்தும் பின்னது ஆங்கிலத்திலிருந்தும் வந்தவை. எனினும், இரண்டும் தமிழ் மண்ணில் தமக்கெனத் தனிப்பொருள் பெற்று வளர்ந்தவை.

டம்பாச்சாரி

வஞ்சகம், போலி ஒழுக்கம், வெளிப்பகட்டு ஆகிய பொருள்களை உடைய 'தம்ப' என்னும் வடசொல்லே தமிழில் 'டம்பம்' என வழங்குகிறது. டகர மெய் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராது என்பதை மொழிமுதல் எழுத்துகள் பற்றிய பாடத்தில் கற்றிருக்கிறீர்கள். ஆகவே, 'டம்பம்' என்று எழுதிய அளவிலேயே அது பிறமொழிச் சொல் என்பது விளங்கிவிடும். இவ்விலக்கணத்தைப் பேண விரும்பியோர் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து 'இடம்பம்' என்று எழுதினர். பேச்சுவழக்கோ, இலக்கணத்தின் இசைவுக்குக் காத்திராமல் டம்பத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. 'டாம்பீகம்' என்பதும் இதன் உறவுச்சொல்லே.

'ஆசாரம்' என்பதற்கு ஒழுக்கம், நடைமுறை என்பன பொருள்களாகும். டம்பத்தையே தன் ஆசாரமாகக் கொண்டு ஒழுகுபவன் டம்பாச்சாரி என்று இச்சொல்லுக்கு விரித்துப் பொருள் காணலாம். இதிலுள்ள நகைச்சுவை நுட்பமானது. நெறிப்படி வாழ்பவரை மதிப்போடு குறிக்க வேண்டிய ஒரு சொல்லமைப்பு, நெறியே இல்லாதவன் தலையில் முடியாகச் சூட்டப்படுகிறது. மக்கள் இப்பட்டத்தை வழங்கியது வணங்குவதற்காக அன்று, நகைப்பதற்காகவே.

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் காசி விசுவநாத முதலியார் 'டம்பாச்சாரி விலாசம்' என்னும் நாடகத்தை இயற்றினார். அரசர்களும் தெய்வங்களும் பெரிதும் கதைமாந்தராக உலவிய தமிழ் மேடைக்கு, சமகால நகரத்து இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்தது இந்நாடகம். அதனால், தமிழின் தொடக்ககாலச் சமூக நாடகங்களுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. செல்வக்குடியில் பிறந்த இளைஞன், புகழ்பாடும் கூட்டத்தின் நடுவிலும் கணிகையின் மயக்கிலும் சிக்கி, முன்னோர் சேர்த்த பொருளை இழந்து வறுமையுறுவதே இதன் கதை. பிற்காலத்தில் இந்நாடகம் பல மேடைகளில் நடிக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்தது. மேடையும் திரையும் டம்பாச்சாரி என்ற பெயரை ஊரறியச் செய்தன. ஊதாரித்தனமாக உடுத்திச் செலவழிப்பவன் எவனாயினும், 'அவன் ஒரு டம்பாச்சாரி' என்று ஒற்றைச் சொல்லால் மதிப்பிடும் வழக்கம் வேரூன்றியது.

தெரிந்து தெளிவோம்

'விலாசம்' என்பது ஆடலும் பாடலும் கலந்த நாடக வகைகளுள் ஒன்றன் பெயர். இதே சொல் பேச்சுவழக்கில் முகவரியையும் குறிக்கும். ஒரே வடிவம் உடைய சொல் இடத்திற்கேற்ப வெவ்வேறு பொருள் தருவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

சட்டச் சொல்லாக வந்த மைனர்

டம்பாச்சாரி நாடக மேடையில் வளர்ந்த சொல் என்றால், மைனர் நீதிமன்றத்திலிருந்து இறங்கிவந்த சொல். ஆங்கிலத்தில் 'மைனர்' என்பதற்குச் சிறியவர், உரிமை வயதை அடையாதவர் என்பன பொருள்கள். அச்சொல்லில் பகட்டும் இல்லை, பட்டும் இல்லை. உலர்ந்த சட்டச் சொல்லான அது, சரிகைக்கரை வேட்டி உடுத்திக்கொண்ட கதை சென்னை மாகாண வரலாற்றோடு பின்னியது.

1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி வழியாகச் சென்னை மாகாணத்தில் நிலையான நிலவரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாளையங்கள் பலவும் ஜமீன்களாயின. குறித்த தொகையை ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்துவது ஜமீன்தாரின் கடமை. அவர் இறந்து, வாரிசு சிறுவனாக இருந்தால் என்ன செய்வது? வரி நின்றுவிடக் கூடாது என்பது அரசின் கவலை. எனவே, 1804ஆம் ஆண்டில் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்னும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. உரிமை வயதை அடையாத வாரிசின் நிலத்தை இவ்வமைப்பு தன் பொறுப்பில் எடுத்து, மாவட்ட ஆட்சியர் வழியாக நிருவகித்தது. வரியைச் செலுத்தியது, பழைய கடனை அடைத்தது, சிறுவனின் உணவு, உடை, கல்வி ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கியது. இத்தகைய சிறுவர்கள் தங்கிப் படிப்பதற்கெனச் சென்னையில் 'நியூவிங்டன்' என்னும் மாளிகையில் தனிப் பள்ளியும் நடைபெற்றது.

1875ஆம் ஆண்டின் இந்தியப் பருவமெய்தல் சட்டம் 18 வயதை உரிமை வயதாக வரையறுத்தது. ஆனால், கோர்ட் ஆப் வார்ட்ஸ் பொறுப்பில் சொத்து உள்ளவர்க்கும் நீதிமன்றம் காப்பாளரை அமர்த்தியவர்க்கும் அவ்வயது 21 ஆக இருந்தது. உழவர் வீட்டு இளைஞன் 18 வயதில் பெரியவனாகிவிட, ஜமீன் வீட்டு வாரிசு மேலும் மூன்று ஆண்டுகள் மைனராகவே இருந்தான். மைனர் என்றால் பெருஞ்சொத்துக்கு உரிய இளைஞன் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிவதற்கு இதுவும் துணைசெய்திருக்கலாம்.

பட்டமாக மாறிய மைனர்

ஒரு மைனருக்கு 21 வயது நிறைந்த நாளில் நிலம் அவன் கைக்கு வந்தது. நிருவாகம் சிறப்பாக நடந்திருந்தால், பல ஆண்டுகள் சேர்ந்த மிச்சத் தொகையும் அதனோடு வந்தது. பொருளை ஈட்டி அறியாத கை, பொருளைச் செலவிடும் உரிமையை ஒரே நாளில் பெற்றது. கடன் கொடுப்போரும் புகழ்ந்து பிழைப்போரும் அவனைச் சூழ்ந்தனர். இவ்வாறு சீரழிந்த செல்வர்களைக் கண்ட ஊர், அவர்களைத் தொடர்ந்து மைனர் என்றே அழைத்தது. ஜமீன் வீட்டு வாரிசைக் குறித்த சொல், காவிரிப் பாசனப் பகுதியின் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிற செல்வக்குடி இளைஞர்களுக்கும் பரவியது.

மைனரின் கோலமும் ஒருவகையில் வரையறை பெற்றது. உள்ளிருப்பது வெளியே தெரியும் மெல்லிய மல் ஜிப்பா; அதற்குப் பொன் பொத்தான்கள்; ஜிப்பாவின் வழியே பளிச்சிடும் கழுத்துச் சங்கிலி; சரிகைக்கரை வேட்டி; தோளில் பட்டு அங்கவத்திரம்; விரல்களில் மோதிரங்கள்; காலில் 'பம்ப்ஷூ'; வரும்முன்னே வருகையை அறிவிக்கும் அத்தர் மணம். இவையே கதைகளும் நாடகங்களும் திரைப்படங்களும் நமக்குக் காட்டிய மைனர். இன்றும் நகைக்கடைகளில் ஆடவர் அணியும் ஒருவகைத் தடித்த சங்கிலிக்கு 'மைனர் செயின்' என்று பெயர். ஜமீன்கள் மறைந்தபின்னும் அவற்றின் நினைவு ஒரு நகையின் பெயரில் தங்கியிருக்கிறது.

இங்கே நிகழ்ந்த பொருள் மாற்றத்தை மொழியியல் நோக்கில் காண்போம். சொற்பொருள் மாற்றத்தில் விரிவு, சுருக்கம், உயர்வு, இழிவு எனப் பல வகைகள் உண்டு. முன்பு மணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று தீய மணத்தைக் குறிப்பது இழிவுக்குச் சான்று. கள்ளுண்டு மயங்குதலைக் குறித்த 'களிப்பு' மகிழ்ச்சியைக் குறிப்பது உயர்வுக்குச் சான்று. 'மைனர்' என்னும் சொல்லிலோ ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. வயது குறைந்த எவரையும் குறித்த சொல், செல்வக்குடி வாரிசை மட்டும் குறித்தபோது பொருள் சுருங்கியது. அவ்வாரிசைப் போல உடுத்தித் திரிபவர் எல்லாரையும் குறித்தபோது மீண்டும் விரிந்தது. மதிப்பும் விருப்பும் இல்லாத நடுநிலைச் சட்டச் சொல்லாக இருந்தது, ஏளனம் கலந்த சொல்லாகி இழிந்தது.

இம்மாற்றங்களின் விளைவு வேடிக்கையானது. ஐம்பது வயதைக் கடந்து தலை நரைத்தவரையும் ஊரார் மைனர் என்றனர். சட்டத்தின்படி இது முரண். வாழ்க்கையின்படி இது பொருத்தம். வயது வந்தும் வளராதவனுக்கு இச்சொல் நன்கு இசைந்தது. சட்டநூல் அறியாத மக்களின் நாவில், மூலப்பொருளை விட்டு வெகுதூரம் சென்ற சொல், சுற்றிவந்து அம்மூலப்பொருளையே வேறு வகையில் தொட்டுவிட்டது.

எல்லா மைனரும் மைனர் அல்லர்

ஒரு சொல் ஒரு கூட்டத்திற்கே முத்திரை குத்தும்போது, அம்முத்திரைக்குள் அடங்காதவர்களையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி 1868ஆம் ஆண்டில் பிறந்தவர். 1873இல் தந்தையை இழந்தார். ஜமீன் கோர்ட் ஆப் வார்ட்ஸ் பொறுப்பில் இருந்தது. 1889இல் அவர் பட்டத்துக்கு வந்தார். சட்டப்படி அவர் நெடுங்காலம் மைனர். ஆனால், புலவர்களைப் புரந்தவராகவும் விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்தை ஊக்குவித்தவராகவும் 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கம் தோன்றத் துணைநின்றவராகவும் வரலாறு அவரை அறிகிறது. வரையாது வழங்கியதால் அவரும் கடன்பட்டார். கடன்பட்டவர் அனைவரும் டம்பாச்சாரிகள் அல்லர். எதற்காகப் பொருள் கரைந்தது என்பதே வேறுபாட்டை உணர்த்துகிறது.

பகட்டு மைனரின் கோலத்திற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் கழுத்துச் சங்கிலி, யாரோ ஒருவர் நட்ட நாற்றிலிருந்தும் அறுத்த கதிரிலிருந்தும் வந்த பொன். அவன் கடன்பட்டால், அச்சுமை குத்தகை உழவர் மீதும் இறங்கும். எனவே, களத்துமேட்டில் 'மைனர் வருகிறார்' என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு, வெறும் பொழுதுபோக்கன்று. எதிர்த்துப் பேச இயலாதவர்கள் ஒரு சொல்லுக்குள் ஒளித்துவைத்த தீர்ப்பு அது. 1948ஆம் ஆண்டின் சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஜமீன் முறைக்கு முடிவு கட்டியது. அதற்கு முன்பே மக்கள் மொழி பகட்டு மைனரின் அதிகாரத்தை நகைப்பால் குறைத்துவிட்டது.

சொல்பவர் யார்?

ஆயினும், இந்நகைப்பு எப்போதும் நேர்மையானது என்று கொள்ள இயலாது. 'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடைபிடிப்பான்' என்னும் பழமொழியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். புதிதாகச் செல்வம் பெற்றவனின் பகட்டைக் கேலி செய்யும் பழமொழி இது. ஆனால், ஒருகாலத்தில் குடை பிடிக்கும் உரிமையே எல்லார்க்கும் இருந்ததில்லை என்பதை அறிந்தபின் இப்பழமொழி வேறொரு பொருளும் தருகிறது. தாழ்த்தப்பட்டோர் குடை பிடிப்பதும் செருப்பு அணிவதும் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டுவதும் பல ஊர்களில் தடுக்கப்பட்டிருந்தன. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859ஆம் ஆண்டில் அரசாணை பெற்றனர். அது தோள்சீலைப் போராட்டம் என்று வழங்கப்படுகிறது.

இத்தகைய சமூகத்தில், சலவை செய்த சட்டையை முதன்முதலாக அணிந்து தெருவில் நடந்த ஒருவனை நோக்கி, 'பார், டம்பாச்சாரி போகிறான்' என்று சொன்னால் அச்சொல்லின் பொருள் என்ன? அங்கே நகைப்புக்கு உள்ளாவது பகட்டு அன்று, தன்மதிப்பு. மேலே இருப்பவனை நோக்கி எறிந்தபோது நீதியாக இருந்த சொல், மேலே வர முயல்பவனை நோக்கி எறியும்போது அநீதியாகிறது. சொல் ஒன்றுதான், அது பாயும் திசையே வேறு.

ஆடையைக் கொண்டு ஆளை அளப்பதன் கடினத்தை இருவர் வாழ்க்கை தெளிவுபடுத்தும். 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் தம் மேலாடையைத் துறந்து அரையாடை பூண்டார். உடுத்த ஆடையற்ற ஏழைகளோடு தம்மை ஒன்றாக்கிக்கொள்ளும் செயல் அது. அம்பேத்கரோ ஒழுங்காகத் தைத்த மேனாட்டு உடையுடன் பொதுவாழ்வில் தோன்றினார். 1927ஆம் ஆண்டில் மகாடு மாநாட்டின்போது, சேலை உடுத்தும் முறையாலும் அணியும் நகையாலும் தாழ்வின் அடையாளம் வெளிப்படாதவாறு உடுத்துமாறு பெண்களிடம் அறிவுறுத்தினார். ஒருவர் ஆடையைக் குறைத்தார். ஒருவர் நிறைவாக உடுத்தினார். இரண்டிலும் டம்பம் இல்லை. இருவர்க்கும் ஆடை தம்மைப் பற்றியதாக இராமல், தம் மக்களைப் பற்றியதாக இருந்தது.

அவ்வாறாயின், டம்பத்தை எவ்வாறு இனங்காண்பது? உடையின் விலையோ நிறமோ அளவுகோல் ஆகாது. அவ்வுடை யாருடைய உழைப்பால் வந்தது? அணிபவர் அதனால் தம்மை உயர்த்திக்கொள்கிறாரா, பிறரைத் தாழ்த்துகிறாரா? அதைக் கழற்றி வைத்தபின் அவரிடம் எஞ்சுவது என்ன? இம்மூன்று வினாக்களும் துணிக்கடை விலைச்சீட்டைவிட நன்கு வழிகாட்டும்.

நிறைவாக

இன்று ஜமீன்கள் இல்லை. ஜிப்பாவுக்குள் மின்னும் சங்கிலியும் அருகிவிட்டது. எனினும், பகட்டு தன் கோலத்தை மாற்றிக்கொண்டு வாழ்கிறது. தோற்றத்தைப் படம் பிடித்து உலகுக்கு உடனே காட்டும் கருவி அனைவர் கையிலும் உள்ள காலம் இது. பெற்றோரின் வருவாய்க்கு மிஞ்சிய காலணியும் கடனில் வாங்கிய கைப்பேசியும் நம்மைச் சூழ்ந்தோரின் பாராட்டைப் பெற்றுத்தரலாம். டம்பாச்சாரியைச் சூழ்ந்த கூட்டமும் அவனைப் பாராட்டவே செய்தது.

1999ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்திற்குப் பின், சொத்துடையார்க்கும் இல்லார்க்கும் வேறுபாடின்றி 18 வயதே உரிமை வயது. இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் பெரும்பாலோர் சட்டத்தின் பார்வையில் இன்னும் மைனர்களே. இன்னும் ஓரிரு பிறந்தநாள்களில் அந்நிலை தானாக நீங்கிவிடும். ஊர் வழங்கும் மைனர் பட்டத்தை நீக்குவதற்கோ அத்தகைய பிறந்தநாள் எதுவும் இல்லை. அதை அவரவரே நீக்கிக்கொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பகட்டாக உடுத்துவோரைக் குறிக்க வழங்கும் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றுள் தமிழ்ச்சொற்களையும் பிறமொழிச் சொற்களையும் வகைப்படுத்துக.

2. ஆங்கிலச் சட்டச் சொல்லாக வந்து, பேச்சுத்தமிழில் வேறு பொருள் பெற்ற சொற்கள் இருப்பின் கண்டறிந்து, அவற்றில் நிகழ்ந்த பொருள் மாற்றத்தின் வகையைக் குறிப்பிடுக.

3. 'ஒரே கேலிச்சொல் ஓரிடத்தில் நீதியாகவும் மற்றோரிடத்தில் அநீதியாகவும் அமையலாம்' என்னும் கருத்து குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.